தடுப்பூசிப் புரதம் முழுவதும் பெல்லட்டில் போகிறது: என்ன செய்வது?

கேள்வி: ஆடுகளின் ஹைடாடிட் நீர்க்கட்டி நோய்க்கான ஈஜி95 புரதத்தை, ஜிஎஸ்டி (குளூட்டதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்ற துணைப்புரதம்) இணைப்போடு ஈ.கோலி பாக்டீரியாவின் பிஎல்21 செல்களில் தயாரிக்கிறேன். புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி 1 மில்லிமோலார், 37 டிகிரி, 4 மணி நேரம். ஜெல்லில் தடித்த பட்டை தெரிகிறது, ஆனால் எல்லாம் பெல்லட்டில் (செல்களை உடைத்துச் சுற்றியபின் அடியில் படியும் திண்மத்தில்). யூரியாவில் கரைத்து அப்படியே ஊசி போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். ஈஜி95 பாதுகாப்புத் தருவது அதன் மடிப்பால், அதாவது முப்பரிமாண வடிவத்தால்தான். அதன் சிறு பெப்டைடுத் துண்டுகளை ஊசி போட்ட ஆய்வுகளில் எதிர்ப்பொருள் உருவாகியும் பாதுகாப்பு கிடைக்கவில்லை. மடிப்புக் குலைந்த புரதமும் எலைசா என்ற எதிர்ப்பொருள் சோதனையில் நல்ல அளவு காட்டும். அந்த எண்ணை நம்பி ஆட்டுப் பரிசோதனைக்குப் போனால் ஒரு வருட உழைப்பு வீண்.

முதலில், அது உண்மையிலேயே இன்க்ளூஷன் பாடிதானா (செல்லுக்குள் கரையாமல் திரண்ட புரதக் கட்டியா) என்று பாருங்கள். உடையாத செல்களும் பெல்லட்டில்தான் இறங்கும்! லைசோசைம் 1 மி.கி./மி.லி. போட்டு ஐஸில் அரை மணி நேரம் வைத்து, பிறகு 10 விநாடி சோனிகேஷன், 30 விநாடி ஓய்வு என்று நடத்துங்கள். பால்போல் கலங்கியிருக்கும் கரைசல் தெளிந்து வர வேண்டும். பிப்பெட்டைத் தூக்கும்போது சளிபோல் நூலிழுத்தால் டிஎன்ஏ இன்னும் அறுபடவில்லை; மக்னீசியத்தோடு டிஎன்ஏஸ் சேருங்கள். அதன்பின் 12,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுற்றி, மேல்நீர், பெல்லட் இரண்டையும் ஒரே கன அளவுக்குச் சமன்செய்து ஜெல்லில் ஏற்றுங்கள்.

அப்போதும் பெல்லட்தான் என்றால், வளர்ப்பு முறையை மாற்றுங்கள். ஓடி (வளர்ப்பின் கலங்கல் அளவு) 0.6 வந்ததும் பிளாஸ்கை ஐஸ் நீரில் ஆற்றி, 0.1 மில்லிமோலார் ஐபிடிஜி கொடுத்து, 18 டிகிரியில் இரவு முழுவதும் விடுங்கள். ரைபோசோம் வேகம் குறைந்தால் சங்கிலிக்கு மடிய நேரம் கிடைக்கும். பிளாஸ்மிட் (புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) உள்ள செல்களை மட்டும் வளரவிடும் ஆம்பிசிலினை இரவு வளர்ப்பில் நம்ப வேண்டாம். பீட்டா லாக்டமேஸ் அதை ஊடகத்திலேயே தின்றுவிடும், பிளாஸ்மிட் இழந்த செல்கள் பெருகிவிடும். கார்பெனிசிலின் அதைவிட நீடிக்கும்.

மரபணுக் கட்டுமானத்தையும் ஒரு கண் பாருங்கள். இந்நோயை உண்டாக்கும் நாடாப்புழுவின் சுரப்பு சமிக்ஞை வரிசையும், கடைசியில் உள்ள நீர்வெறுப்புப் பகுதியும் இன்னும் இருந்தால் வெட்டிவிடுங்கள். அவையே புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஏஜிஏ, ஏஜிஜி போன்ற, ஈ.கோலியில் அரிதான கோடான்கள் (மூன்றெழுத்து மரபுக் குறிகள்) அடுத்தடுத்து வந்தால், அவற்றைப் படிக்கவல்ல ரொசெட்டா வகை செல்லுக்கு மாறலாம்.

இவ்வளவும் பலிக்காவிட்டால்தான் மறுமடிப்பு, அதாவது கரைத்த புரதத்தை மீண்டும் மடியவைப்பது. பெல்லட்டை 1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 கலந்த பஃபரில் இருமுறை கழுவுங்கள். அடுத்து 2 மோலார் யூரியாவில் ஒருமுறை. பிறகு 8 மோலார் யூரியா, 10 மில்லிமோலார் டிடிடி (டைசல்ஃபைடு பிணைப்புகளைப் பிரிக்கும் பொருள்) சேர்த்துக் கரையுங்கள். யூரியாக் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள், சூடாக்காதீர்கள்: பழையதிலும் சூடானதிலும் சயனேட் உருவாகி லைசின்களில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த புரதத்தை 4 டிகிரியில், 0.4 மோலார் ஆர்ஜினின் கலந்த பிஎச் 8 பஃபருக்குள், மெல்லக் கலக்கியபடியே சொட்டுச் சொட்டாக விடுங்கள். இறுதிச் செறிவு 0.1 மி.கி./மி.லி.யைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் பாத்திரம் வெண்மையாகக் கலங்கிவிடும். அதைத் திரும்பத் தெளிய வைக்க முடியாது. டைசல்ஃபைடு பிணைப்பு தேவைப்படும் புரதமானால் குளூட்டதயோனின் ஒடுங்கிய, ஆக்சிஜனேற்ற வடிவங்களை 10:1 விகிதத்தில் சேருங்கள்.

கடைசியில் புரதம் குளூட்டதயோன் ரெசின் மணிகளில் ஒட்டினால் ஜிஎஸ்டி பகுதி மடிந்துவிட்டது என்று பொருள். ஈஜி95 மடிந்ததா என்பதற்கு அது சான்றல்ல. அதற்கு, பாதுகாப்புப் பெற்ற ஆட்டின் சீரத்தோடு வினைபுரிகிறதா என்று பாருங்கள். அதே புரதத்தைக் கொதிக்கவைத்த மாதிரியையும் பக்கத்தில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

எண்டோடாக்சினை (ஈ.கோலியின் செல்சுவரிலிருந்து வரும் நச்சை) மறக்காதீர்கள். 1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-114 கலந்து 4 டிகிரியில் அரை மணி நேரம், 37 டிகிரியில் 10 நிமிடம் வைத்துச் சுற்றினால் அது அடியில் பிரியும், புரதம் மேலே தங்கும். இரண்டு மூன்று முறை செய்து, எண்டோடாக்சினை அளக்கும் எல்ஏஎல் சோதனையில் சரிபாருங்கள். மிஞ்சிய டிரைட்டான் அந்தச் சோதனையையே குழப்பும் என்பதால் அதை முதலில் நீக்குங்கள்.

மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் குழுவினர் 1996-இல் வெளியிட்ட இந்தத் தடுப்பூசியின் சோதனைகளில், ஆட்டுக்கு 50 மைக்ரோகிராம் புரதமும் நோயெதிர்ப்பைத் தூண்டும் 1 மி.கி. குயில்-ஏ துணைப்பொருளும் ஒரு மாத இடைவெளியில் இருமுறை போடப்பட்டன. உங்கள் சோதனைக்கும் அதையே தொடக்க அளவாக வையுங்கள். நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, விலங்கு நெறிமுறைக் குழு இரண்டின் ஒப்புதலும் கையில் வந்தபின் முதல் ஊசியைப் போடுங்கள்.