இயந்திரவியல் படித்த மகள் உள்ளலங்காரத் துறைக்குப் போகலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகள் இயந்திரவியல் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் இருப்பதாகவும், நகை, கைக்கடிகாரம் போன்றவற்றை விற்கும் ஆடம்பரக் கடைகளின் உள்ளலங்காரத்தில் வேலை செய்ய விரும்புவதாகவும், உலோகத்தைக் கடையும் லேத்திலும் சீவும் மில்லிங் இயந்திரத்திலும் பழகிய படிப்பு அங்கே வீணாகிவிடுமோ என்று நீங்கள் உறக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் கற்ற இயந்திர வேலைதான் அந்தத் துறையில் அவருக்கு வழிவிடும். அதைக் கைவிட்டுவிட்டு, படம் வரைவதை மட்டும் புதிதாகக் கற்கப் போனால்தான் இழப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தச்சர்கள் “ஒரு நூல் தள்ளியிருக்கிறது” என்பார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். வீட்டு அலமாரியில் அதைப் பட்டி வைத்து மறைத்துவிடலாம். ஆனால் வைரம் வைக்கும் கண்ணாடிப் பெட்டியின் பித்தளை விளிம்பில் அரை மில்லிமீட்டர் விலகினாலும், உள்ளே எரியும் விளக்கின் ஒளி அந்த இடுக்கின் வழியே கோடாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். வாடிக்கையாளர் ஓர் அடி தூரத்தில் குனிந்து நின்று பார்க்கிற, விரலால் தடவியும் பார்க்கிற பொருள் அது. அதனால்தான் அங்கே கைப்பிடி, மறைகீல், பூட்டுச் சட்டம், விளிம்புப் பட்டை எல்லாம், கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி இயந்திரத்தில் கடைந்து எடுக்கப்படுகின்றன. கல் பலகைகளை, கார்னெட் என்னும் கடினக் கல்லின் மணல் கலந்த நீரை ஏறத்தாழ 4000 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் நாலாயிரம் மடங்கு) அழுத்தத்தில் பீய்ச்சி அறுக்கிறார்கள். தகட்டின் உட்புறத்தில் ‘வி’ வடிவப் பள்ளம் சீவிவிட்டு மடிப்பதால் மூலை கத்திமுனைபோல் கூராக வருகிறது.

மகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 2 மீட்டர் நீளமுள்ள கண்ணாடித் தட்டின் விளிம்பில் அதே நீளத்துக்குப் பித்தளைப் பட்டை ஒட்டப்படுகிறது. ஒட்டும்போது கட்டடத்தில் குளிர்சாதனம் இல்லை. கடை திறந்தபின் வெப்பநிலை 20 டிகிரி இறங்குகிறது. பித்தளை ஏறத்தாழ 0.76 மில்லிமீட்டர் சுருங்கும்; கண்ணாடி அதில் பாதியளவே, சுமார் 0.36 மில்லிமீட்டர்தான் சுருங்கும். இறுகிப்போகும் பசையால் முழு நீளமும் ஒட்டியிருந்தால், அந்த வேறுபாட்டை எங்காவது ஓர் ஓரம் பிய்ந்துகொண்டுதான் தீர்க்கும். நெகிழும் பசை வேண்டுமா, பட்டையை இரண்டாகப் பிரிக்க வேண்டுமா, முனையில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று முடிவு செய்பவருக்கு வெப்ப விரிவு பற்றிய பாடம் நினைவில் இருக்க வேண்டும். உங்கள் மகள் அதைப் படித்துவிட்டார். அலங்காரம் மட்டும் படித்தவர்களில் பலர் அதைப் படிப்பதில்லை.

அளவுத் துல்லியம் மட்டும் போதும் என்றும் அவர் எண்ணிவிடக் கூடாது. என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற ஒரு மாணவர், முதல் வேலையில் பன்னிரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளை வெட்டிக் கொடுத்தார். வெர்னியர் அளவுகருவி வைத்துப் பார்த்தால் ஒன்றிலும் குறையில்லை. ஆனால் தகடு மிச்சமாகட்டும் என்று மென்பொருள் இரண்டு துண்டுகளைத் திருப்பி அடுக்கியிருந்தது. ஹேர்லைன் பாலிஷின், அதாவது ஒரே திசையில் தேய்த்த மெருகின், மயிரிழைக் கோடுகள் மற்றவற்றில் நெடுக்காகவும் அந்த இரண்டில் குறுக்காகவும் ஓடின. சுவரில் பொருத்தி விளக்கைப் போட்டதும், ஒரே தகட்டிலிருந்து வந்த துண்டுகளில் இரண்டு மட்டும் வேறு நிறம்போல் கறுத்துத் தெரிந்தன. இரண்டையும் கழற்றி, வேறு தகட்டில் மறுபடியும் வெட்ட வேண்டியதாயிற்று. அன்று முதல், வரைபடத்தில் கோட்டின் திசையை அம்புக்குறியால் காட்டாமல் அவர் எதையும் இயந்திரத்துக்கு அனுப்புவதில்லை.

இதற்கு நேர்மாறான பாடமும் உண்டு. அதைக் கற்றவர்கள் குறைவு. இயந்திரம் 0.05 மில்லிமீட்டர் துல்லியத்தில் வெட்டித் தரும்; கட்டடத்தின் சுவரோ 10 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும். இரண்டையும் நேரடியாக மோதவிட்டால் சுவரின் கோணல்தான் கண்ணுக்குத் தெரியும். எனவே முன்பின் நகர்த்திப் பொருத்த வசதியான நீள்துளையிட்ட தாங்கிகளை வைத்து, ஓரத்தில் நிழல்விழும் இடைவெளி ஒன்றை வேண்டுமென்றே விட்டு, பிசகு முழுவதையும் அங்கே ஒளித்துவிடுகிறார்கள். எங்கே துல்லியம் கேட்க வேண்டும், எங்கே கேட்கக் கூடாது என்பதும் செலவைப் பொறுத்த அறிவுதான். அளவுகளில் எவ்வளவு விலகலை ஏற்கலாம் என்று வகுக்கும் ஐஎஸ்ஓ 2768 என்ற பன்னாட்டுத் தரநிலையில் 400 முதல் 1000 மில்லிமீட்டர் வரையிலான அளவுக்கு நடுத்தர வகுப்பு 0.8 மில்லிமீட்டர் வரை கூடவோ குறையவோ அனுமதிக்கிறது, நுண்வகுப்பு 0.3 மட்டுமே அனுமதிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உள்சட்டத்துக்கும் நுண்வகுப்பைக் குறித்துவிடுகிற வடிவமைப்பாளர், பயனில்லாத ஓரிடத்தில் பட்டறையின் நேரத்தையும் உரிமையாளரின் பணத்தையும் கரைக்கிறார். வரைபடத்துக்கும் பட்டறைக்கும் நடுவே நின்று இதை எடுத்துச் சொல்பவரைத்தான் உள்ளலங்கார நிறுவனங்கள் தேடுகின்றன. உங்கள் மகள் குறிவைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, படிப்பு முடிந்ததும் முதல் இரண்டு ஆண்டுகள் அலங்கார நிறுவனத்துக்குப் போகாமல், பித்தளையும் அலுமினியமும் கடையும் ஒரு நல்ல பட்டறையில் அவர் சேரட்டும். பொருளை இயந்திரத்தில் பிடித்து நிறுத்துவது, இயந்திரத்துக்கான கட்டளை வரிகளாகிய ஜி-கோடை வாசிப்பது, பிசிறு எடுப்பது, அளவெடுத்துப் பதிவது ஆகியவை கைக்கு வந்தபின், பட்டறை வரைபடம் தயாரிக்கும் பிரிவுக்கு மாறலாம். சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள் தெரிந்திருந்தால், ரைனோ என்ற இன்னொன்றைப் பழகிக்கொள்வது பெரும்பாடில்லை. பார்த்துக் கற்க இரண்டு இடங்களைச் சொல்கிறேன். வெனிஸ் நகரில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா வடிவமைத்து 1958-இல் முடிந்த, தட்டச்சு இயந்திர நிறுவனமான ஒலிவெட்டியின் காட்சிக்கூடத்தில், பளிங்குப் பலகைகள் மிதப்பதுபோல் அமைந்த படிக்கட்டின் படங்களை உங்கள் மகள் உற்றுப் பார்க்கட்டும். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் 2006-இல் 90 கண்ணாடிகளால் எழுந்த ஆப்பிள் கடையின் கனசதுரம், 2011-இல் 15 பெரிய கண்ணாடிகளாக மாற்றப்பட்டது. மூட்டுகள் குறையக் குறைய, மிஞ்சுகிற ஒவ்வொரு மூட்டின் மீதும் பார்வை கூடும் என்பதை அதில் காணலாம்.

தொழிலின் கடினமான பக்கத்தையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பொருத்தும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும், திறப்பு விழா நாள் நெருங்கினால் விடுமுறை கிடைக்காது, வேலை திட்டம் திட்டமாகத்தான் வரும். பெரிய பிராண்டுகள் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவதால், தான் செய்ததன் படத்தைக்கூட அடுத்த நேர்காணலில் காட்ட முடியாமல் போகலாம். இந்தத் துறை சரிந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சிஎன்சியும் ஆய்வு அளவீடும் தெரிந்த ஒருவருக்கு மருத்துவக் கருவி, அச்சு வார்ப்பு, வானூர்திப் பாகம் ஆகிய பட்டறைகளிலும் இடம் உண்டு; பட்டறையில் தொடங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காட்ட முடியாத வேலைகளுக்கு ஈடாக, தனக்கென்று ஒரு துண்டை அவர் இந்த விடுமுறையிலேயே செய்து வைத்துக்கொள்ளட்டும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் பித்தளையும் மரமும் ஒரு மூலையில் சேர்கிற சிறு மூட்டு போதும். அடுத்த முறை என்னைக் காண வரும்போது அந்தத் துண்டையும், அதன் வரைபடத்தையும், செய்து முடித்தபின் எடுத்த அளவுகளின் தாளையும் அவர் கொண்டு வரட்டும். முதல் முயற்சியில் பாழான துண்டையும் வீசிவிடாமல் எடுத்து வரச் சொல்லுங்கள்; அதைப் பற்றித்தான் அவரிடம் அதிகம் பேச வேண்டியிருக்கும்.