பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு எப்படி?

கேள்வி: எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் ஒரு ஜோடி பட்ஜி கிளி வளர்க்கிறோம். இரண்டுமே பச்சை. இந்த முறை பொரித்த ஐந்து குஞ்சுகளில் ஒன்று நீலம்! கடைக்காரர் ஏதோ கலப்பினத்தைத் தலையில் கட்டிவிட்டார் என்கிறார் என் கணவர். அடுத்த முறையும் நீலம் வருமா?
— ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், உங்கள் ஜோடி நல்ல ஜோடிதான். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் திரியும் பட்ஜி பச்சை நிறம்தான், ஆனால் அந்தப் பச்சை ஒரே சாயம் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டும், அதோடு மஞ்சள் நிறமி சேரும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சளை உண்டாக்கும் மரபணு வேலை செய்யாவிட்டால் மிஞ்சுவது நீலம். அந்த மரபணு ஒவ்வொரு பறவையிடமும் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நன்றாக இருந்தாலே மஞ்சள் வந்துவிடும். ஆக, உங்கள் ஆண், பெண் இரண்டுமே ஆளுக்கொரு 'நீல' பிரதியை உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன.

ஒரு தாளில் நாலு கட்டம் போட்டுப் பாருங்கள்: பச்சை-பச்சை, பச்சை-நீலம், நீலம்-பச்சை, நீலம்-நீலம். கடைசிக் கட்டம் மட்டும்தான் நீலக் குஞ்சு, அதாவது நாலில் ஒரு வாய்ப்பு. அதற்காக நாலு முட்டைக்கு ஒன்று கட்டாயம் நீலம் என்று எண்ணிவிட வேண்டாம், முட்டைக்கு முட்டை கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். நாலு முட்டையில் ஒன்றுகூட நீலம் வராமல் போக நூற்றுக்குச் சுமார் 32 வாய்ப்பு உண்டு.

சரி, உங்கள் பச்சைக் குஞ்சுகளில் எது நீலத்தைச் சுமக்கிறது? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. தெரிய வேண்டுமானால், வளர்ந்த பிறகு உறவில்லாத ஒரு நீலப் பறவையோடு சேருங்கள். ஒரு குஞ்சு நீலமாகப் பிறந்தாலே விடை கிடைத்துவிட்டது, வரிசையாக ஐந்தும் பச்சை என்றால் அது நீலத்தைச் சுமக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம், ஏனென்றால் சுமக்கும் பறவைக்கு அப்படி நடக்க 32-ல் ஒரு வாய்ப்புதான். நீலம் வேண்டும் என்பதற்காக அண்ணன் தங்கையை மட்டும் தயவுசெய்து ஜோடி சேர்க்காதீர்கள். நிறம் ஒளிந்திருப்பதுபோலவே நோய்க் குறைகளும் ஒளிந்திருக்கும், ஒரே குடும்பத்துக்குள் சேர்க்கும்போது அவையும் வெளியே வந்துவிடும்.

எல்லா நிறமும் இதே கணக்கில் வராது. மஞ்சள் உடலும் சிவப்புக் கண்ணும் கொண்ட லூட்டினோ, ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்யும் பாலின நிறமூர்த்தத்தோடு (குரோமோசோம்) ஒட்டிப் போகும் நிறம். லூட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணோடு சேர்த்தால் பெண் குஞ்சுகள் அத்தனையும் சிவப்புக் கண்ணோடு பிறக்கும், ஆண்களுக்குக் கண் கறுப்பு; கூட்டில் இருக்கும்போதே எது ஆண், எது பெண் என்று பிரித்துச் சொல்லிவிடலாம்.