கொள்முதல் மேலாளர் நேர்முகத் தேர்வு: மிச்சப்படுத்திய கணக்கை எப்படிச் சொல்வது?

கேள்வி: கொள்முதல் பிரிவில் மூத்த அலுவலராக இருக்கிறேன். மேலாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வுகளில், நான் மிச்சப்படுத்திய தொகையைச் சொன்னதும், அதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று துருவிக் கேட்கிறார்கள். அங்கேயே தடுமாறிவிடுகிறேன். எப்படித் தயாராவது?

பதில்: உங்களை மடக்குவதற்காக அப்படிக் கேட்பதாக எண்ண வேண்டாம். விலையைக் குறைப்பதோடு அலுவலரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது; அந்தக் குறைப்பால் வேறெங்கே செலவு கூடியது என்பதற்கும் மேலாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆண்டுக்கு 12,00,000 மதிப்பில் மாதந்தோறும் வாங்கிவரும் ஒரு பொருளை, ஆறு மாதத் தேவைக்கு ஒரே தடவையில் எடுத்தால் 4 சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சப்ளையர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 48,000 மிச்சம். ஆனால் கிடங்கில் சராசரியாக அரை மாதத்துக்கு இருந்த சரக்கு மூன்று மாதத்துக்கு உரியதாக உயர்வதால், புதிய விலையில் 2,40,000 கூடுதலாக முடங்குகிறது. வட்டி, கிடங்குச் செலவு, காப்பீடு, சேதாரம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 20 சதவீதம் என்று கொண்டால் அந்தச் சுமையும் 48,000. தள்ளுபடி முழுவதும் அதிலேயே கரைந்துவிடுகிறது. இந்தக் கணக்கைத் தாமாகவே போட்டுக்காட்டுபவரைத் தேர்வுக் குழு உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

எனவே நீங்கள் முடித்த பேரங்களில் இரண்டை மட்டும் எடுத்து, எந்த விலையை அடிப்படையாகக் கொண்டீர்கள், கடன் தவணை, போக்குவரத்து, உத்தரவாதம் ஆகியவற்றில் எது மாறியது, நிதித்துறை அந்தத் தொகையை ஏற்றதா என்பதை எழுதிப் பாருங்கள். சப்ளையர் 10 சதவீத உயர்வு கேட்டு, நீங்கள் பேசி 6 சதவீதத்தில் முடித்திருந்தால் அது தவிர்த்த செலவுதான். வாங்கும் விலை உயர்ந்தே இருக்கிறது. அதை மிச்சத்தோடு சேர்த்துச் சொல்லும்போதுதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு.

ஒரே சப்ளையரை நம்பியிருக்கும்போது அவர் சரக்கை நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்பார்கள். வேறொருவரைத் தேடுவேன் என்பது போதாது. மாதிரிச் சோதனைக்கும் தர ஒப்புதலுக்கும் ஆகும் காலத்தையும், அதுவரை உற்பத்தியை ஓட்டப் போதுமான இருப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். உறவினரின் நிறுவனம் விலைப்புள்ளி அனுப்பினால், எழுத்துமூலம் தெரிவித்துவிட்டு மதிப்பீட்டிலிருந்து விலகுவதே சரியான பதில்.

இப்போதைய நிறுவனத்தின் விலைகளையும் சப்ளையர் பெயர்களையும் அங்கே வெளியிட வேண்டாம். சதவீதத்தில் சொன்னாலே கணக்கு விளங்கிவிடும்.