ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரைகள்: பென்னாகரம் அம்மாவுக்கு ஒரு பதில்

மகள் பதினோராம் வகுப்பு, உயிரியல் குரூப். ஞாயிறானால் நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தைத் திருமணம், மத நல்லிணக்கம், சங்க இலக்கியம் என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறாள். நீட் படிப்பு கெட்டுவிடுமோ, இதை வைத்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் வேலைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது சின்னது. நீங்கள் அனுப்பிய மூன்று கட்டுரைகளில்தான் பேச நிறைய இருக்கிறது.

ஐஏஎஸ் போன்ற பணிகளுக்கான யுபிஎஸ்சி மெயின் தேர்வில் கட்டுரைக்கென்று தனித்தாளே உண்டு. 250 மதிப்பெண், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொல். தமிழிலேயே எழுதலாம். தரவரிசைக்குச் சேரும் எழுத்துத்தேர்வு மதிப்பெண் மொத்தம் 1,750, அதில் ஏழில் ஒரு பங்கு இந்த ஒரு தாள்தான். தமிழக அரசுப் பணிகளுக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 மெயினில் தமிழ்த் தகுதித்தாள் இருக்கிறது. அதில் 100-க்கு 40 வாங்காவிட்டால் மற்ற தாள் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை. இந்தத் தேர்வுகளுக்குப் பட்டம் இருந்தால் போதும், என்ன பாடம் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. எனவே மகள் டாக்டரானாலும் பி.ஏ. தமிழ் படித்தாலும் இந்தப் பழக்கம் கூடவே வரும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் விட்டுக்கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பருக்குப் பிறகு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஆனால் இப்போது எழுதுகிற மாதிரியே எழுதிக்கொண்டிருந்தால் அந்த இரண்டரை மணி நேரமும் வீண்தான்.

குழந்தைத் திருமணக் கட்டுரை இப்படித் தொடங்குகிறது: ‘இன்றைய நவீன உலகில் குழந்தைத் திருமணம் சமுதாயத்தை அரிக்கும் புற்றுநோயாக விளங்குகிறது.’ இதில் குழந்தைத் திருமணத்தை எடுத்துவிட்டு மது, வரதட்சணை, செல்போன் என்று எதைப் போட்டாலும் வரி அப்படியே நிற்கும். திருத்துகிறவர் அதைப் படிக்காமலே தாண்டிவிடுவார். தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்துப் பெண்ணுக்கு இந்த விஷயம் புத்தகத்திலா தெரிய வேண்டும்? மேல்நிலைப் பள்ளி எத்தனை கிலோமீட்டர், ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பஸ் உண்டா, அப்பா அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் வயசுப் பெண்ணை யார் பொறுப்பில் விடுவது? கல்யாணப் பேச்சு தொடங்குவது இங்கேதான். முதல் பத்தி இந்த மூன்றில் ஒன்றிலிருந்து கிளம்பட்டும்.

அதே கட்டுரையில் சட்டப் பிழை இரண்டு. பெண்ணின் திருமண வயது 21 ஆக உயர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாள். 2021-ல் மசோதா மக்களவைக்கு வந்தது உண்மை. நிறைவேறவில்லை, 2024-ல் அந்த மக்களவை முடிந்ததோடு அதுவும் காலாவதியானது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இன்றும் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அடுத்தது, ‘குழந்தைத் திருமணம் சட்டப்படி செல்லாது’ என்ற வரி. கிட்டத்தட்ட எல்லா மாணவரும் இதை எழுதுகிறார்கள். கடத்தியோ ஏமாற்றியோ விற்றோ நடத்திய திருமணம், நீதிமன்றத் தடையை மீறி நடத்திய திருமணம் போன்றவைதான் அந்தச் சட்டத்தில் அடியோடு செல்லாதவை. மற்றபடி, மைனராக இருந்தபோது கட்டிக்கொடுக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அதை ரத்து செய்துகொள்ளலாம், மேஜராகி இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இந்த ஒரு விவரம் தெரிந்தால் கட்டுரைக்கே புது வழி திறக்கும்: கையில் குழந்தையோடு இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண், மாமியார் வீட்டிலிருந்து கிளம்பிக் கோர்ட்டுக்கு எப்படிப் போவாள்? அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம்.

எண்களைப் போட்டால் ஆண்டையும் போட வேண்டும். ‘தற்போது தருமபுரியின் எழுத்தறிவு 68.5 சதவீதம்’ என்றால் தவறு. அது 2011 கணக்கெடுப்பு, மாநிலத்திலேயே அப்போது கடைசி இடம். ‘தற்போது’ என்பதை எடுத்துவிட்டு ‘2011-ல்’ என்று போட்டால் சரியாகிவிடும். அப்துல் கலாம் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழிகள் எதுவும் வேண்டாம். அவர் சொல்லாததே அதில் பாதி இருக்கும்.

மத நல்லிணக்கக் கட்டுரை நான்கு பக்கமும் ‘எம்மதமும் சம்மதம்’ என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறது. யாரையும் புண்படுத்தவில்லை, அந்த மட்டும் நல்லது. ஆனால் சொல்ல எதுவும் இல்லை. உங்கள் பக்கத்தில் வரப்போரம் வேடியப்பன் கோயில் எத்தனை இருக்கிறது! உள்ளே பல இடங்களில் நிற்பது நடுகல், சண்டையிலோ மாடு மீட்கப் போயோ செத்த வீரனுக்கு நட்ட கல். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்தபின் அவனுக்கும் நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் படைத்தார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சின்னக் கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று ஔவையார் அழுகிறார் (புறநானூறு 232). செத்த மனிதன் எப்படிச் சாமியாகிறான், நன்றி எப்படி வழிபாடாகிறது என்று கேட்டால் நம்பிக்கையைப் பற்றிய கட்டுரைக்கு உயிர் வரும். அரசியல் சட்டம் பக்கம் போவதானால் 25-ஆவது பிரிவை முழுதாகச் சொல்ல வேண்டும். மத உரிமை உண்டு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம், மற்ற அடிப்படை உரிமைப் பிரிவுகள் ஆகியவற்றுக்கு உட்பட்டு. பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. தேர்வில் ‘மூடநம்பிக்கை’ என்ற சொல்லை எடுத்த எடுப்பில் வீசவும் வேண்டாம், பிரசங்கமும் வேண்டாம்.

இலக்கியக் கட்டுரையில் அதியமான் கொடுத்த நெல்லிக்கனி வருகிறது. தருமபுரிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் அது வராமல் இருக்காது. ‘அந்த ஔவையே ஆத்திசூடி பாடினார்’ என்று அடுத்த வரி. இருவரும் வேறு, நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி. அதைவிட, பாட்டில் (புறநானூறு 91) உள்ள முக்கியமான இடத்தை விட்டுவிட்டாள். கனியின் அருமையையும் பயனையும் அவன் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. மனசுக்குள் அடக்கிக்கொண்டு, சாவு நீங்கும்படி கொடுத்தான் என்கிறார் புலவர். சொல்லியிருந்தால் ஔவை வாங்கியிருப்பாரா என்று யோசிக்கச் சொல்லுங்கள். கொடை பற்றி எல்லாரும் எழுதுவதிலிருந்து அவள் கட்டுரை அங்கே பிரிந்துவிடும்.

இனி எழுதும் முறை. பதினைந்து நாளுக்கு ஒரு தலைப்பு போதும். முதல் ஞாயிறு எழுதக் கூடாது. செய்தித்தாள், பாடநூல், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து, எங்கிருந்து எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளட்டும். அடுத்த ஞாயிறு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கையால், 400 சொல். பத்து நிமிடம் திட்டம், முப்பது நிமிடம் எழுத்து, ஐந்து நிமிடம் திரும்பப் படிப்பு. யுபிஎஸ்சியில் ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது தொண்ணூறு நிமிடம், அங்கேயும் இருபது, அறுபது, பத்து என்று இதே பங்குதான். திட்டம் போடாமல் பேனாவைத் தொட்டால் முன்னுரையே ஒன்றரைப் பக்கம் ஓடி, தீர்வுக்கு நான்கு வரிதான் மிஞ்சும். அவள் மூன்றாவது கட்டுரை அப்படித்தான் முடிந்திருக்கிறது. எழுதி மூன்று நாள் கழித்து, உங்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். உங்களுக்குப் புரியாத வரியில் கோடு போடுங்கள், அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவில் கவிதை, கட்டுரை, பேச்சுப் போட்டிகள் நடத்துகிறது. அறிவிப்பு பள்ளிக்கு வரும், தமிழாசிரியரிடம் பெயர் சொல்லி வையுங்கள். அதைவிட அவசரம் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. மாநிலம் முழுக்க 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து கொள்குறி வினாக்கள் (கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுப்பது), பழைய புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தேர்வு பெரும்பாலும் அக்டோபரில் வரும், விண்ணப்பம் அதற்கு முன்பே பள்ளி வழியாகப் போக வேண்டும். பதினோராம் வகுப்பில் இருக்கும்போது மட்டும்தான் எழுத முடியும் என்பதால் திங்கட்கிழமையே வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.