முழங்கால் நேரா நிமிருறதுக்கு எலும்பு மச்சை ஊசி உதவாது

முழங்கால் சவ்வு ஒப்பரேஷனுக்குப் பிறகு கால் நேரா நிமிரேல்லை, எலும்பு மச்சை ஊசி போடலாமோ எண்டு முல்லைத்தீவில இருந்து கேட்டிருந்தீங்கள். இப்ப அந்த ஊசிக்குக் காசு கட்டாதேங்கோ. சவ்வு ஒப்பரேஷன் முடிஞ்சு ஆறு கிழமையாகியும் முழங்கால் முழுசா நேரா நிமிரேல்லை எண்டால், இடுப்பெலும்பு மச்சையை முழங்காலுக்குள்ள ஏத்தி அதை நிமிர்த்தேலாது.

பெரும்பாலும் தொடைத்தசை சோர்ந்திருக்கும். முல்லைத்தீவில இருந்து பஸ்ஸில கிளினிக் போய்வாற கஷ்டத்தில பயிற்சி விட்டுப்போறது விளங்குது.

பாயில நிமிர்ந்து படுத்து, குதிக்காலுக்குக் கீழ சுருட்டின துவாய் வைச்சு, முழங்காலைக் கீழ அழுத்துங்கோ. மற்றக் காலளவுக்கு இறங்குதோ? இறங்காட்டில் உள்ளுக்குள்ள தழும்பும் கட்டியிருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி மட்டும் காத்திராமல் பிசியோவிட்டக் காட்டுங்கோ.

2017இல் வெளிவந்த, அமெரிக்காவின்ர மாயோ கிளினிக் ஆஸ்பத்திரி ஆய்வில, 25 பேருக்கு ஒரு முழங்காலில மச்சை, மற்றதில மருந்தில்லாத உப்புநீர் ஏத்தினவை. வலி இரண்டிலயும் ஒரேமாதிரித்தான் குறைஞ்சது. ஆனால் அது முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவைக்குச் செய்தது, உங்கட நிலைக்கு நேராப் பொருந்தாது.

காய்ச்சல் வந்தால், முழங்கால் சிவந்து சூடானால், கெண்டைக்கால் வீங்கி நொந்தால் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.