கடைசிக் கிலோவின் விலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் முகூர்த்த மாதங்களில் நகைக் கடைகளில் கூட்டம் குறையவில்லை. விலை கூடினால் தேவை குறையும் என்னும் விதி தங்கத்துக்குப் பொருந்தாதா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: பொருந்தும். கடையில் நிற்கும் கூட்டத்தை வைத்துத் தேவையை அளக்க முடியாது. எத்தனை கிராம் விற்றது என்பதே கணக்கு. பத்துப் பவுன் போட நினைத்திருந்த குடும்பம் ஏழு பவுனோடு நிறுத்திக்கொள்வதும், பழைய நகையைக் கொடுத்துப் புதியது எடுப்பதும் அந்த விதி வேலை செய்வதன் அடையாளங்கள்தாம். தவிர, வருமானமும் எதிர்பார்ப்பும் மாறாதிருக்கின்றன என்று வைத்துக்கொண்டே, எந்த விலைக்கு எவ்வளவு வாங்கப்படும் என்று காட்டும் தேவைக் கோட்டை வரைகிறோம். நாளை விலை இன்னும் ஏறும் என்ற எண்ணம் பரவினால் கோடே வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறது, அதாவது அதே விலைக்கு முன்பைவிட அதிகம் வாங்குகிறார்கள். விலை ஏறிய காரணத்தாலேயே அதிகம் வாங்கப்படும் பொருளுக்குக் கிஃபன் பண்டம் என்று பெயர். அது ஏழைகளின் அன்றாட உணவில் தேட வேண்டியது, நகைக் கடையில் அன்று. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி மானியச் சீட்டுகள் கொடுத்துப் பொருளியலாளர்கள் ராபர்ட் ஜென்சனும் நோலன் மில்லரும் சோதித்தார்கள். அரிசி மலிவானபோது அக்குடும்பங்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டன என்பது 2008இல் வெளியான அவர்களது ஆய்வின் முடிவு.

கேள்வி: நான் பி.ஏ. பொருளியல் படிக்கிறேன். மானியத்தைப் பொருளாகத் தராமல் பணமாகத் தந்தால் நுகர்வோர் இன்னும் உயரமான சமநோக்கு வளைகோட்டை எட்டுவார் என்று பாடத்தில் வருகிறது. அப்படியென்றால் ரேஷன் அரிசியை நிறுத்திவிட்டுப் பணம் தருவதுதானே சரி?
(மாணவி, திண்டுக்கல்)

பதில்: சமநோக்கு வளைகோடு என்பது ஒருவருக்கு ஒரே அளவு மனநிறைவு தரும் பொருள் சேர்க்கைகளை இணைக்கும் கோடு; உயரமான கோடு என்றால் கூடுதல் மனநிறைவு. பாடம் சரிதான், ஆனால் அது எந்த வகை மானியத்தைப் பற்றிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பொருளை எவ்வளவு வாங்கினாலும் ஒவ்வொரு கிலோவுக்கும் விலையில் தள்ளுபடி என்றால், கையிலுள்ள பணத்தில் எவையெவை எவ்வளவு வாங்கலாம் என்று காட்டும் விலைக் கோட்டின் சாய்வே மாறிவிடும். மலிவு என்பதற்காகவே அதை அதிகம் வாங்கத் தோன்றும். பணம் மேல் என்னும் வாதத்தின் முழு வலிமையும் அங்கேதான் இருக்கிறது. நம் ரேஷன் அரிசி அந்த வகையன்று. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாயாகவும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் வழங்கப்படும் இந்த அரிசிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: சாதாரண அரிசி அட்டைக்கு அதிகபட்சம் 20 கிலோ.

மாதம் 40 கிலோ அரிசி ஆகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கடையில் கிலோ 50 ரூபாய் என்று வைப்போம். முதல் 20 கிலோ இனாமாக வருகிறது, மீதி 20 கிலோவை அவர்கள் கடையில் வாங்குகிறார்கள். ஆக, கடைசியாக வாங்கும் கிலோவுக்கு அவர்கள் கொடுக்கும் விலை 50 ரூபாய்தான். விலைக் கோட்டின் சாய்வு அந்த இடத்தில் துளியும் மாறவில்லை. அவர்களுக்கு அரசு தந்தது கையில் 1,000 ரூபாய் தந்ததற்குச் சமம். அந்த ஆயிரம் பள்ளிக் கட்டணத்துக்கும் போகலாம், முட்டைக்கும் போகலாம். பொருளாகத் தந்ததால் அவர்களுடைய தெரிவு குறுகிவிடவில்லை.

மாதம் 12 கிலோ மட்டுமே ஆகும் வீட்டில் நிலைமை வேறு. மிஞ்சும் 8 கிலோவை அவர்கள் கோழிக்குப் போடுவார்கள், அல்லது கிடைத்த விலைக்கு விற்பார்கள். அங்கே பணமே மேல். தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்குப் போகிறது. சோற்றுக்குக் கடை அரிசிதான். அவர்களுக்கு அந்த 20 கிலோவின் மதிப்பு, அதனால் வாங்காமல் மிச்சப்படுத்திய இட்லி அரிசியின் விலைதானே தவிர, சாப்பாட்டு அரிசியின் விலையன்று.

இவ்வளவுக்குப் பிறகும் நான் அரிசியின் பக்கமே நிற்கிறேன். வெளிச்சந்தையில் அரிசி 50 ரூபாயிலிருந்து 65 ரூபாய்க்குப் போனால் 20 கிலோவின் மதிப்பும் யாரிடமும் கேட்காமல் 1,300 ரூபாயாகிவிடுகிறது. பணமாகத் தந்தால் அதை உயர்த்த ஒவ்வொரு முறையும் ஓர் அரசாணை வேண்டும். நிலையான விலைகளை வைத்து வரைந்த படத்தில் இந்தக் காப்பீடு தெரியாது. வீட்டுக்கு வரும் பணம் யார் கையில் நிற்கிறது என்பதும் தெரியாது, ஏனென்றால் அந்தப் படம் ஒரு குடும்பத்தை ஒரே மனிதராகப் பாவிக்கிறது.

கேள்வி: இலவச மின்சாரத்தால்தான் நிலத்தடி நீர் வற்றுகிறது என்று நகரத்தில் இருப்பவர்கள் எங்கள் மேல் பழி போடுகிறார்கள். இது நியாயமா?
(விவசாயி, உடுமலை)

பதில்: பழி நியாயமன்று, ஆனால் அதற்குப் பின்னால் உள்ள கணக்கைத் தள்ளிவிட முடியாது. மின் கட்டண உயர்வை எதிர்த்து 1970களின் தொடக்கத்தில் கோவைப் பகுதி விவசாயிகள் மாட்டுவண்டிகளோடு சாலைக்கு வந்து போராடியதும், அக்காலப் போராட்டங்களில் உயிர்கள் பலியானதும் உங்களுக்குத் தெரிந்த வரலாறு. சிறு விவசாயிகளுக்குத் தொடங்கி 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரம், விளைபொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்காத ஒரு தொழிலுக்குத் தரப்படும் வருமான உதவி. அதைப் பறிப்பது சரியென்று நான் நினைக்கவில்லை.

சிக்கல் அது வரும் வடிவத்தில் இருக்கிறது. ரேஷன் அரிசிக்கு 20 கிலோ என்ற வரம்பு உண்டு. மோட்டாருக்கு அப்படி இல்லை, கடைசி யூனிட்டின் விலையும் பூஜ்யம். டீசல் இன்ஜின் வைத்திருப்பவர் இன்னொரு மணி நேரம் ஓட்டுவதால் பயிருக்குக் கிடைக்கும் பலன் டீசல் செலவைத் தாண்டுமா என்று பார்த்து நிறுத்துவார். விலையில்லா மின்சாரத்தில், பயிருக்குக் கொஞ்சமேனும் பலன் இருக்கும்வரை மோட்டாரை நிறுத்தக் காரணம் இல்லை.

இதோடு இன்னொரு ஓட்டையும் சேர்கிறது. நாளையே மின்சாரத்துக்கு முழு விலை வைத்தாலும், உங்கள் ஆழ்துளைக் கிணறு இறைப்பதால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கும் நீர்மட்டத்துக்கு யாரும் விலை கொடுக்கப் போவதில்லை. நீங்கள் மிச்சப்படுத்தும் தண்ணீர் உங்களுக்கே தங்கும் என்ற உறுதியும் இல்லை. அடுத்தவர் ஆயிரம் அடிக்குக் குழாய் இறக்கினால் அது அவருக்குப் போய்விடும். எனவே தனித்தனியே எல்லோரும் அறிவோடு நடந்தும் மொத்தத்தில் எல்லோரும் நட்டப்படுகிறார்கள். இதற்கு அரசின் ஆணையும் சந்தை விலையும் மட்டுமே வழிகள் அல்ல என்று காட்டியவர் 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம். தெற்குக் கலிபோர்னியாவில் நிலத்தடி நீரை இறைத்தவர்கள் யாருக்கு எவ்வளவு என்று தங்களுக்குள் பேசி, நீதிமன்றத்தின் மூலம் அதை உறுதி செய்துகொண்டதைத்தான் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார்.

உதவியையும் விலையையும் பிரித்துவைக்க முடியும் என்பதற்குப் பஞ்சாப் ஓர் உதாரணம். அங்கே 2018இல் தொடங்கிய 'பானி பச்சாவோ, பைசா கமாவோ' (தண்ணீரைச் சேமி, பணம் ஈட்டு) திட்டத்தில் விரும்பிச் சேரும் விவசாயிக்கு மாதம் இத்தனை யூனிட் என்று ஒதுக்கீடு உண்டு. அதில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவர் கணக்கில் 4 ரூபாய் விழும். அவர் கையிலிருந்து ஒரு பைசாவும் போவதில்லை. ஆனால் தேவைக்கு மேல் ஓட்டும் ஒவ்வொரு யூனிட்டும் 4 ரூபாய் வரவை இழக்கச் செய்கிறது. இதற்கு மீட்டர் வேண்டும். மீட்டர் வந்தால் பிறகு பில்லும் வரும் என்ற உங்கள் அச்சத்தை நான் அறிவேன். ஒதுக்கீட்டைச் சட்டத்தில் எழுதிவிட்டு மீட்டரைப் பொருத்துவதே முறை.

கேள்வி: திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் பாழானது. பாதிக்கப்பட்டவர்களும் ஆலைக்காரர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்க முடியாதா? சுத்திகரிப்புச் செலவைக் கடைசியில் யார் சுமக்கிறார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர்)

பதில்: பேசித் தீர்க்கலாம் என்னும் கருத்துக்குப் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரையில் வலுவான அடிப்படை உண்டு. உரிமை யாருக்கு என்பது தெளிவாக இருந்து, பேரம் பேச ஆகும் செலவு மிகக் குறைவாகவும் இருந்தால், இரு தரப்பும் தாமே நல்ல முடிவுக்கு வந்துவிடும் என்பது அதன் சாரம். பேரத்துக்குச் செலவாகும் உலகில் அது நடவாது என்பதையும் அதே கட்டுரை அழுத்திச் சொல்கிறது. நொய்யலில் ஒரு பக்கம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள். மறுபக்கம் கரூர் வரை ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்கள். எந்தப் பட்டறையின் உப்பு எந்தத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கியது என்று யாராலும் காட்ட முடியாது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஒருவர் செய்யும் தொழிலின் பாதிப்பு அதில் சம்பந்தப்படாத பிறர்மேல் விழுவதைக் குறிக்கும் புறவிளைவு என்னும் சொல்லை விளக்க வகுப்பில் இதைவிடத் தெளிவான சான்றைக் காட்ட முடியாது.

வழி நீதிமன்றங்கள் மூலம் வந்தது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிப்படுத்தியது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சவ்வூடு வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரித்தெடுக்கும் பூஜ்ய வெளியேற்ற முறைக்கு மாறியவையே பின்னர் இயங்க முடிந்தது.

செலவு யார் தலையில் என்பதைத் தேவை நெகிழ்ச்சியே, அதாவது விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்பதே, தீர்மானிக்கிறது. பனியன் துணியை வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் விலை கொஞ்சம் ஏறினாலும் பங்களாதேஷுக்கு ஆர்டரை மாற்றிவிட முடியும். அதாவது திருப்பூர்த் துணிக்கான அதன் தேவை மிகவும் நெகிழ்ச்சியுள்ளது. ஆகவே செலவின் பெரும்பகுதி வாங்குபவரிடம் போய்ச் சேராமல் பட்டறை உரிமையாளரின் இலாபத்திலும், அங்கே வேலை செய்பவரின் கூலியிலும் இறங்குகிறது. முன்பு அதே செலவை உங்கள் ஊர்க் கிணறுகள் சுமந்தன. துணியை இறக்குமதி செய்யும் நாடுகளும், மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியைத் தங்கள் கொள்முதல் நிபந்தனைகளில் எல்லா நாட்டு ஆலைகளுக்கும் ஒன்றுபோல் வைத்தால்தான் சட்டை போடுபவரிடம் அந்தச் செலவு சென்று சேரும். அதுவரை, சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு தரும் உதவியைத் தொழிலுக்குக் காட்டும் சலுகை என்று ஒதுக்காமல், அங்கே வேலை செய்பவரின் கூலியைக் காப்பாற்றும் செலவு என்றே நான் பார்க்கிறேன்.