பெயருக்குப் பதில் நம்பர்

வணக்கம் ஐயா.

என் கொள்ளுத்தாத்தா 1942இல் பட்டாளத்துக்குப் போனார். 1944இல் பர்மாவில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. நேதாஜி படையில் சேர்ந்து சண்டையில் இறந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். போன மாதம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினேன். ரங்கூன் நினைவகப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் அதே பெயரில் ஐந்து பேர். எங்கள் ஊர்ப் பெயர் எதிலும் இல்லை. அவர் நேதாஜியின் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) வீரர் என்று நிரூபிக்க நான் எந்த ஆவணத்தைத் தேட வேண்டும்? தந்தியும் கொள்ளுப்பாட்டியின் பென்ஷன் காகிதங்களும் அவர் காலமான பிறகு போகியில் போய்விட்டன. அவருடைய பித்தளை அண்டா ஒன்றுதான் மிச்சம். அதிலும் பெயர் இல்லை, ஏதோ எண் வெட்டியிருக்கிறது.

கே.

அன்புள்ள கே.,

முதலில் திட்டிவிடுகிறேன். போகிக்கா போட்டீர்கள்? பழையன கழிதல் என்றால் கிழிந்த பாய், ஓட்டை முறம். ஒரு மனிதன் செத்ததற்கு அரசாங்கம் கொடுத்த ஒரே ரசீதையா? உங்கள் வீட்டை மட்டும் சொல்லவில்லை. எனக்கு இப்படி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கறையான், மீதிப் பேர் வீட்டில் போகி.

ஐ.என்.ஏ. விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த ஆணையம் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்களுக்கானது, ஐ.என்.ஏ. வீரர்களைத் தன் பட்டியலில் சேர்ப்பதில்லை. போதாததற்கு, கொள்ளுப்பாட்டி பென்ஷன் வாங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தன்னை விட்டு எதிர்ப்பக்கம் போனவன் பெண்டாட்டிக்கு வெள்ளைக்காரன் மாதாமாதம் பணம் எண்ணிக் கொடுப்பானா? ஊர்ப் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தாலுகாவையோ தபால் ஆபீஸ் இருந்த ஊரையோ எழுதியிருப்பார்கள்.

சண்டையில்தான் இறந்திருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு ஆசை? பர்மா எல்லையில் ஜப்பானியரை எதிர்த்து பிரிட்டிஷாரின் 14ஆம் ராணுவத்தை நடத்திய ஜெனரல் ஸ்லிம் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. 1943இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயில் விழுந்து அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, சீதபேதி, உண்ணிக் காய்ச்சல். மலேரியாவுக்கான மெபாக்ரின் மாத்திரை தின்று தின்று தோலெல்லாம் மஞ்சளாகிப் போன ஆட்கள் மழையில் ரோடு போட்டார்கள். நம் பக்கத்திலிருந்து போனவர்களில் பலர் ரோடும் பாலமும் போடுகிற சாப்பர், பயனியர் கம்பெனிகளில் துப்பாக்கியைவிட மண்வெட்டியை அதிக நேரம் பிடித்தவர்கள். காய்ச்சலில் போனவர் எந்த விதத்தில் குறைந்துபோனார்?

என் தாத்தாவின் அண்ணனும் அப்படித்தான் போனார். தந்தியிலேயே நோய் என்று இருந்ததாம். அவர் மனைவியைப் பெரியாயா என்போம். உங்கள் கடிதம் வந்த வாரம் முழுக்க அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்று கேட்காதீர்கள், வயதானால் அப்படித்தான்.

மாதத்தின் முதல் வாரம் பெரியாயா பென்ஷனுக்குப் போவார். துணைக்கு நான், ஏழாம் வகுப்பு. வராந்தாவில் காத்திருப்பு. கைநாட்டு வைத்ததும் கட்டைவிரல் மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொள்வார். ஒருமுறை புதிதாக வந்த குமாஸ்தா, "புருஷன் பேர் என்ன?" என்றார். பெரியாயா பேசவில்லை. "பேரைச் சொல்லு கிழவி, நேரமாவுது." அந்தக் காலத்துப் பொம்பளை புருஷன் பெயரைச் சொல்வாளா? வாயைத் திறந்து பட்டாள நம்பரைச் சொன்னார். ஒவ்வோர் இலக்கமாக, நடுவில் ரெண்டு சைபர், தபால்காரர் சொல்லிக்கொடுத்த ராகத்தில். குமாஸ்தா மறுபடி பெயர் கேட்டார். பெரியாயா மறுபடி நம்பர், கொஞ்சம் சத்தமாக. எனக்கு மானம் போயிற்று. நானே பெயரைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும் தொடையில் கிள்ளினார் பாருங்கள், கன்றிப்போய் ஒரு வாரம் இருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைக்காரன் மீதிச் சில்லறை கொடுத்தால் என்னைத்தான் எண்ணச் சொல்வார். ஆனால் அந்த நம்பர் கடைசிவரை பிசகியதில்லை. அவர் வாயில் அதுதான் அவருடைய புருஷன் பெயர்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 'வெறும் நம்பர்' என்று எல்லோரும் அலட்சியமாகச் சொல்வது எனக்குப் பிடிக்காது. எண்ணிக்கை வேறு, நம்பர் வேறு. முதல் உலகப்போருக்குப் பிறகு நம் ஊர்களில் வைத்த கல்வெட்டுகளைப் பாருங்கள். 1914-1919 பெரும் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். அவர்கள் யார் என்று இருக்காது. இராக்கில் பாஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். இதைப் போன்றவற்றுக்கு ஆணையம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1944இன் படைப்பிரிவு நாட்குறிப்புகள் கிடைக்கின்றன. அவற்றிலும் அதிகாரி செத்தால் பெயர் இருக்கும், நம் ஆள் செத்தால் பெரும்பாலும் 'ஐ.ஓ.ஆர். இருவர்'. இந்திய அதர் ரேங்க்ஸ் என்பதன் சுருக்கம் அது.

அதெல்லாம் எண்ணிக்கை. ஆளை விழுங்கிவிடும். பட்டாள நம்பர் அப்படி இல்லை. ஒரு படைப்பிரிவில் எத்தனை முனுசாமி இருந்தாலும் அந்த நம்பருக்கு ஒரே முனுசாமிதான். பெயரைக் கெடுப்பதற்கு குமாஸ்தாவுக்கு ஆயிரம் வழி உண்டு. ஏழுமலையை 'யெள்ளுமல்லை' என்று படிக்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நம்பரை எழுத அவ்வளவு கற்பனை தேவைப்படாது. பெரிய தாத்தாவைப் பெயர் போட்டு இரண்டு வருஷம் தேடினேன், கிடைக்கவில்லை. ஒரு நாள் பெரியாயாவின் ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே நம்பரைப் போட்டேன். உடனே வந்தது. பெயரில் இரண்டு எழுத்துப் பிழை. ரங்கூன் நினைவகம்தான். யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியானில் இருக்கிறது, கல்லறை கிடைக்காதவர்கள் ஏறக்குறைய 27,000 பேருக்கு. கீழே அப்பா பெயர், அதற்கும் கீழே 'இன்னாரின் கணவர்' என்று பெரியாயாவின் பெயர், பிழையில்லாமல். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீங்கள் என்ன கேட்டீர்கள்? ஆவணம். நீங்கள் நிரூபிக்க நினைப்பதற்கு ஆவணம் இல்லை. நான் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. நீங்கள் 'ஏதோ எண்' என்று தள்ளிவிட்டுப் போன அந்த அண்டா. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடுவார்களா? பென்ஷன் பணத்தில் வாங்கிய அண்டாவுக்குப் புருஷன் பெயரை வெட்ட வேண்டும், கடைக்காரனிடம் அதை வாயால் சொல்ல முடியாது என்றால் ஒரு பெண் என்ன செய்வாள்? நான் ரொம்பத் தூரம் போகிறேனோ என்னவோ. அது வெறும் எடையாகக்கூட இருக்கலாம், அப்படியிருந்தால் என்னைத் திட்டுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்த ஐந்து பேரின் பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், பெயருக்குப் பக்கத்தில் நம்பர் இருக்கும். அண்டாவைத் திருப்பி வைத்து ஒப்பிடுங்கள். அதற்கு முன் யாராவது புளி போட்டுத் தேய்க்கக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். எழுத்து ஏற்கெனவே தேய்ந்திருக்கும்.